ஐயாவின் கடைசிப் போகத்தை வீடு சேர்த்தவர்களுக்கு

கடந்த தை மாதக் கடைசி வாரத்தில், தமது 78ஆவது வயதில் காலமான எங்கள் ஐயாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகள் நேற்று முன்தினம் கிளிநொச்சி வட்டக்கச்சியில் எங்கள் இல்லத்தில் நிறைவுற்றன. செய்தி கேட்டு நேரில் வந்தும், வெளிநாடுகளிலிருந்து தொலைபேசியில் அழைத்தும், மலர்வளையம் சாத்தியும், கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டியும், உலை வைக்காத எங்கள் வீட்டுக்கு வேளை தவறாமல் சோறும் கறியும் கொண்டுவந்தும் துயரில் பங்குகொண்ட உற்றார், உறவினர், அயலவர், நண்பர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம். நன்றி மடல்கள் வழமையாக இவ்வளவில் முடிந்துவிடும். அச்சகத்தாரும் அட்டையில் ஏழு வரிக்குத்தான் இடம் விட்டுத் தந்தார். ஏழு வரிக்குள் அடங்காத காரியங்கள் அந்த நாட்களில் நடந்தபடியால், குடும்பத்தின் மூத்த மகள் என்ற முறையில் இதைத் தனியாக எழுதுகிறேன்.

இறுதிக் கிரியை நாளில் முற்றத்துப் பந்தலில் இரங்கலுரை ஆற்றியவர்களில் மூவர், "எவர் கையையும் எதிர்பாராமல் தம் உழைப்பினாலேயே உயர்ந்தவர்" என்று ஐயாவைப் பற்றிச் சொன்னார்கள். அன்பினால் சொன்னார்கள், அந்த அன்புக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். ஆனால் ஐயா உயிரோடு இருந்து அதைக் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே குறுக்கிட்டிருப்பார். தம்மை யாராவது அப்படிப் புகழ்ந்தால், "எங்கடை வயலுக்குத் தண்ணி ஆரின்ரை வயலுக்குள்ளாலை வருது?" என்று கேட்பது அவர் வழக்கம். எங்கள் வயலுக்கு வாய்க்காலிலிருந்து நேரே மடை கிடையாது. மேலே உள்ள இருவரின் வயல்களைக் கடந்துதான் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எங்கள் வரம்புக்கு வந்து சேரும். அந்த இருவரும் ஒரு கிழமை மடையைத் திறக்காமல் விட்டால், எத்தனை உழைப்பாளியாக இருந்தாலும் ஐயாவின் மூன்று ஏக்கரும் காய்ந்திருக்கும். ஆகவே இந்த மடலை, அவர் சார்பில் செய்யும் ஒரு திருத்தமாகவும் கொள்ளலாம்.

ஐயா காலமான அன்று வயலில் மாரியில் விளையும் காலபோக நெல் முற்றி வெட்டுக்கு நின்றது. நெல் வெட்டும் இயந்திரத்துக்கு நாள் குறித்து, சாக்கும் வாங்கி, நெல் வைக்கும் கொட்டகையான மாலில் அடுக்கிவைத்துவிட்டுத்தான் அவர் நெஞ்சுநோவென்று படுத்தார். அன்று பிற்பகலே வானம் இருண்டு, இரவு முழுவதும் மழை பெய்தது. வன்னியில் வயல் வைத்திருப்பவர்களுக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முற்றிய பயிர் மழையில் சாய்ந்து, சாய்ந்த கதிர் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் கிடந்தால் நெல் கதிரிலேயே முளைகட்டிவிடும். அதன்பின் அது விதைக்கும் ஆகாது, அரிசிக்கும் ஆகாது. பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு வயலைப் பற்றிப் பேச எங்களில் எவருக்கும் வாய் வரவில்லை. அம்மா மட்டும் ஒரு தடவை வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அதை யாரோ கவனித்திருக்கவேண்டும்.

மறுநாள் மயானத்திலிருந்து திரும்பிய இளைஞர்களில் எட்டுப் பேர், தோய்ந்து சாப்பிட்ட கையோடு மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு எங்கள் வயலுக்குப் போய், இருட்டும்வரை வரம்பை வெட்டித் தண்ணீரைக் கழிவு வாய்க்காலுக்கு இறக்கியிருக்கிறார்கள். எங்களுக்கு இது இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் அடுத்த காரியமும் நடந்துவிட்டது. ஈர வயலில் சாதாரணச் சில்லு இயந்திரம் இறங்காது. சங்கிலி பூட்டிய இயந்திரம் வேண்டும். மழைக்குப் பின் அந்த இயந்திரத்துக்கு ஊரே வரிசையில் நிற்கும். அந்த வரிசையில் எங்களுக்கு முன்னே இருந்த நான்கு பேர் தங்கள் முறையை விட்டுக்கொடுத்து, "முதலில் செத்தவீட்டுக்காரரின் வயலுக்குப் போ" என்று இயந்திரக்காரரை அனுப்பியிருக்கிறார்கள். தங்கள் நெல்லும் தண்ணீரில் நிற்கும்போது ஒரு நாளை இன்னொருவருக்குக் கொடுப்பதன் விலை என்ன என்று அந்த நால்வருக்கும் தெரியும். அவர்களில் ஒருவருக்கு அதனால் அரை ஏக்கர் அழிந்ததென்று பின்னர் அறிந்தேன். அவர் நட்டஈடாக எதையும் வாங்க மறுத்துவிட்டார். ஆயினும் அந்தக் கணக்கை நாங்கள் மறக்கவில்லை என்பதை இங்கே பகிரங்கமாக எழுதிவைக்கிறேன்.

இயந்திரமும் புதையும் பள்ளத்தரை அரை ஏக்கரளவு இருந்தது. அதைப் பெண்கள் பதினொரு பேர் முழங்கால் சேற்றில் நின்று கையால் அருவி வெட்டினார்கள், அதாவது அரிவாளால் நெல்லை அரிந்தார்கள். இயந்திரம் வந்தபின் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் பலருக்கு அரிவாள் பிடிக்கவே தெரியாது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள்தான் வெட்டி, பிடிபிடியாக உப்பட்டி போட்டார்கள், இளையவர்கள் அதைத் தூக்கி மேட்டில் சேர்த்தார்கள். ஒருவர்கூடக் கூலி வாங்கவில்லை. ஈர நெல்லைக் கண்டதும் விலையைக் குறைத்துக் கேட்ட வியாபாரிகளிடம் கொடுக்காமல், கோயில் மண்டபத்திலும் வீதியோரத்திலும் படங்கு விரித்து நான்கு நாள் கிளறிக் காயவைத்த பாடசாலை மாணவர்களையும் சொல்லவேண்டும். ஐம்பத்தொரு மூடை நெல் எங்கள் மாலுக்கு வந்து சேர்ந்தது. நல்ல ஆண்டில் எழுபத்தைந்து வரும். இந்த ஐம்பத்தொன்றில் எங்கள் குடும்பத்தவர் கை பட்ட மூடை ஒன்றுகூட இல்லை.

இங்கே ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அவரை வடக்கு வரம்புக்காரர் என்றே எழுதுகிறேன். தம் பெயர் வெளியே வருவதை அவர் விரும்பமாட்டார். வரம்பை யார் எந்தப் பக்கம் வெட்டினார் என்பது குறித்து அவருக்கும் ஐயாவுக்கும் பதினொரு ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. மத்தியஸ்த சபை வரை போன வழக்கு. செத்தவீட்டுக்கு வந்தார், படலைக்கு வெளியே, மழைக்குள் குடையில்லாமல் நின்றார், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. மண்வெட்டியோடு போன இளைஞர்கள் சொன்னதன்படி, அவர்கள் போகும்போதே எங்கள் வயலில் ஒரு பக்கத்துத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்ததாம். தம் வயலுக்குள்ளால் வாய்க்கால் வெட்டி, எங்கள் தண்ணீரைத் தம் பக்கம் இறக்கி வைத்திருந்தவர் அவர்தான். அதற்காக அவர் சர்ச்சைக்குரிய அதே வரம்பைத்தான் வெட்டியிருந்தார் என்பதை ஐயா கேட்டிருந்தால் சிரித்திருப்பார். வரம்பு வழக்கு இன்னும் தீரவில்லை. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நன்றி வேறு, வரம்பு வேறு.

இனி, ஐயாவின் காலத்துக் கடன்களுக்கு வருகிறேன். 1950களின் முற்பகுதியில் வட்டக்கச்சிக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியிலிருந்து எங்கள் அப்பு, ஐயாவின் தகப்பனார், குடும்பத்தோடு இங்கே வந்தபோது ஐயாவுக்கு ஏழு வயது. காட்டை வெட்டிக் கழனியாக்கியவர்கள் என்று குடியேறியவர்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்லப்படுவதுண்டு; அது உண்மைதான். ஆனால் எந்த மரத்தை வெட்டலாம், எந்த மடுவில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், மலைக்காய்ச்சலுக்கு (மலேரியாவுக்கு) என்ன செய்வது, பட்டி மாட்டை எங்கே மேயவிடுவது என்று அப்புவுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இந்தப் பக்கத்துப் பழைய வன்னிக் குடிகள். முதல் இரண்டு மாரியும் அவர்கள் தந்த குரக்கனும் தேனும் வத்தலிறைச்சியும்தான் வீட்டில் அடுப்பை எரியவைத்தன என்று ஐயா சொல்வார். யாழ்ப்பாணத்தார் வந்து வன்னியை வாழவைத்தார்கள் என்று ஒருவர் மேடையில் பேசியபோது, ஐயா எழுந்து வெளியே போனதை நான் கண்டிருக்கிறேன்.

1970இன் பின் அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் கிடைத்த விலையை இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். மேட்டுக்காணியில் கிணறு வெட்டி, இறைப்பு இயந்திரம் பூட்டி, ஐயா மிளகாய் வைத்தார். அந்தக் காசில்தான் கல்வீடும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் அத்தைமாரின் கல்யாணங்களும் வந்தன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு இறக்குமதி மிளகாய் வந்து குவிந்ததும் அந்தச் செழிப்புச் சரிந்தது. அதே ஆண்டு இனவன்செயலில் மலையகத்திலிருந்து உடுத்த துணியோடு வந்த குடும்பங்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறின. அவற்றில் ஒரு குடும்பம் எங்கள் மேட்டுக்காணியின் மூலையில் கொட்டில் போட்டுத் தங்கியது. இதை ஐயாவின் தருமமாகச் சிலர் இரங்கலுரையில் குறிப்பிட்டார்கள். ஐயா தம் கடைசிக் காலத்தில் இதை வேறு மாதிரித்தான் சொன்னார்: மிளகாய் விழுந்த பின்னும் எங்கள் தோட்டம் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் அவர்களின் குறைந்த கூலி, ஊரில் கொடுக்கும் கூலியை அவர்களுக்கு நாங்கள் பல ஆண்டுகள் கொடுக்கவில்லை, அவர்களுக்குச் சொந்தக் காணி கிடைக்கவும் வெகுகாலம் சென்றது. அந்தக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் மூவர், மண்வெட்டியோடு வயலுக்குப் போன எட்டுப் பேரில் இருந்தார்கள். அவர்களின் பாட்டி, பள்ளத்தரையில் அருவி வெட்டியவர்களுக்கு முன்னால் நின்றார். அவர்களுக்கு நன்றி என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஐயாவின் ஒப்புதலையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2009 தை மாதம் கதிர் பழுத்துக்கொண்டிருந்த வயலை விட்டு வெளியேறினோம். பட்டியைத் திறந்து மாடுகளைக் கலைத்துவிட்டு, உழவு இயந்திரப் பெட்டியில் ஐந்து மூடை விதைநெல்லை ஏற்றிக்கொண்டு ஐயா புறப்பட்டார். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று ஒவ்வோர் இடத்திலும் சுமையில் ஏதோ ஒன்று குறைந்துகொண்டே வந்தது. விதைநெல்லில் கை வைப்பதில்லை என்பது கமக்காரர் வீட்டில் எழுதாத சட்டம். அந்த விதைநெல்லை ஐயாவே குற்றிக் கஞ்சி வைத்து, பக்கத்துத் தறப்பாள்களில் இருந்த பிள்ளைகளுக்கும் வார்த்தார். மாத்தளனில் என் தம்பியை இழந்தோம். அவனை மண்ணில் வைக்க எங்களிடம் மண்வெட்டி இருக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் தம் மண்வெட்டியைத் தந்து, எறிகணை விழுந்துகொண்டிருந்த நேரத்தில் தாமும் கூட நின்று வெட்டினார். பெயர் கேட்கத் தோன்றவில்லை. நெடுங்கேணிப் பக்கத்துப் பேச்சு என்று மட்டும் ஐயா சொல்வார். பின்னர் பல ஆண்டுகள் சந்தையிலும் கோயில் திருவிழாவிலும் அவரைத் தேடினார். அவரோ அவர் வீட்டாரோ இதைப் படிக்க நேர்ந்தால், இடக்கையில் சுண்டுவிரல் இல்லாத அந்த மனிதருக்கு வட்டக்கச்சியில் ஒரு குடும்பம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கடன்பட்டிருக்கிறது என்பதை அறிந்துகொள்ளவேண்டும்.

போர் முடிந்தபின் எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே போய்வர அனுமதி கிடைத்தபின், ஐயா செட்டிகுளத்துக் கமக்காரர் ஒருவரின் வயலில் நாட்கூலிக்குப் போனார். 62 வயதில், தம் வாழ்நாளில் முதல் தடவையாகப் பிறர் வயலில் கூலி. ஊருக்குத் திரும்பும்போது அந்த மனிதர் மூன்று மூடை விதைநெல்லை ஏற்றிவிட்டு, விளைந்தபின் தந்தால் போதும் என்றார். 2010இல் நாங்கள் திரும்பிவந்தபோது வீட்டில் கூரை இல்லை. வயலில் ஆளுயரத்துக்குப் பற்றை. கண்ணிவெடி அகற்றி முடிந்ததாகச் சொல்லப்பட்ட இடத்தில் மட்டுமே கால் வைக்கலாம். அந்த முதற் போகத்துக்கு நிவாரணமாகவும் விதைநெல் கிடைத்தது, அதற்கும் நன்றி. ஆயினும் ஐயா முதற்பிடியை எடுத்து விதைத்தது செட்டிகுளத்து நெல்லைத்தான். வெட்டியவுடன் மூன்று மூடையை லொறியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்தபோது, அவர் இரண்டை எடுத்துக்கொண்டு ஒன்றைத் திருப்பி அனுப்பினார். அவர் இப்போது இல்லை. அவருடைய மகன் ஐயாவின் இறுதிக் கிரியைக்கு முதல் பேருந்திலேயே வந்திருந்தார்.

பின்வந்த ஆண்டுகளில் ஐயா கமக்கார அமைப்பில் எங்கள் வாய்க்காலுக்குப் பிரதிநிதியாக இருந்ததை ஊரில் எல்லோரும் அறிவார்கள். கோடையில் செய்யும் சிறுபோகத்துக்குக் குளத்தில் உள்ள நீர் எல்லா வயலுக்கும் போதாது. எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தப் பக்கம் விதைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று அரசாங்க அதிபர் தலைமையில் கூட்டம் கூடித் தீர்மானிப்பார்கள். கூட்டத்தில் தீர்மானிப்பது ஒன்று, இரவு பன்னிரண்டு மணிக்கு வாய்க்காலடியில் நடப்பது வேறொன்று. டோர்ச்சும் தடியுமாக மடைக்கு மடை நடந்து, கடை வயலுக்கும் தண்ணீர் போகிறதா என்று பார்ப்பது அவர் வேலையாக இருந்தது. எங்கள் வயலுக்கு வரும் தண்ணீரை அடைத்துவிட்டுக் கடை வயல்காரருக்குத் திறந்ததற்காக அம்மாவிடம் அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. எல்லோரிடமும் அவர் நீதியாக நடந்தார் என்று சொல்லமாட்டேன். கோபம் வந்தால் வார்த்தை தடிக்கும். நீர்ப்பாசனத் திணைக்கள உத்தியோகத்தர் ஒருவரைச் சபையில் வைத்துப் பேசிவிட்டு, மறுநாள் பால் போத்தலோடு அவர் வீட்டுக்குப் போனார். அந்த உத்தியோகத்தரும் துக்கம் விசாரிக்க வந்திருந்தார். பேசியதை மறந்து, பாலை மட்டும் நினைவில் வைத்திருந்த அவருக்கு நன்றி.

2018 மார்கழி வெள்ளத்தில் பூக்கும் பருவத்துப் பயிர் அப்படியே தாழ்ந்தபோதும், 2021இல் இரசாயன உரம் திடீரென்று தடைசெய்யப்பட்டபோதும் நேர்ந்தவற்றை இங்கே விரிக்கவில்லை. அவை எல்லோருக்கும் நேர்ந்தவை. வயலில் மாட்டுப்பட்டி அடைத்தும் பச்சைக் குழை தாழ்த்தும் மண்ணை வைத்திருந்தபடியால் உரமில்லாத போகத்தில் எங்களுக்கு மற்றவர்களைவிடச் சற்றே கூடக் கிடைத்தது. ஆனால் அதைக் காட்டி யாரும் புத்தி சொல்ல வந்தால், "ஒரு இரவிலை சொல்லி மண்ணை மாத்தேலாது" என்று ஐயா அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அப்புவுக்குக் கிடைத்து ஐயாவுக்கு மாற்றப்பட்ட அனுமதிப்பத்திரம் 2009இல் தொலைந்துபோனது. பிரதேச செயலகக் காணிக் கிளையில் பணிபுரிந்த ஒரு பெண் உத்தியோகத்தர், பழைய பேரேடுகளைத் தேடி அதை மீளப் பெற்றுத்தந்தார். அத்தோடு அவர் நிற்கவில்லை. ஐயாவுக்குப் பின் காணிக்கு உரிய பின்னுரித்தாளராக யாரைப் பதிவது என்ற இடத்தில், ஆண்பிள்ளை இல்லையென்று ஐயா மருமகனின் பெயரைச் சொல்லத் தொடங்கியபோது, "ஐயா, மகள் பக்கத்திலேயே இருக்கிறாவே" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். ஐயா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இன்று அந்த மூன்று ஏக்கருக்கும் பின்னுரித்தாளராக என் பெயர் இருப்பது அந்த ஒரு வார்த்தையால். அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டார். எங்கிருந்தாலும் நன்றாக இருக்கவேண்டும்.

நள்ளிரவில் அழைத்து இருபது நிமிடத்துக்குள் வந்த 1990 என்ற அவசர இலக்கத்து நோயாளர் காவு வண்டி ஊழியர்களுக்கும், கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலை வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும், பந்தல் செலவை முன்னின்று பொறுப்பேற்ற மரண சகாய சங்கத்துக்கும், பறை மேளக் கலைஞர்களுக்கும், முப்பத்தொரு இரவும் முறை வைத்து அம்மாவுக்குத் துணையாகப் படுத்த மாமிமார் மூவருக்கும் தனித்தனியே நன்றி. புதுநெல்லில் முதல் அரிசியைப் புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பொங்குவது ஐயாவின் வழக்கம். இந்தப் பங்குனியில் நாங்கள் கோயிலுக்குப் போக இயலாதபடியால், மேல் வயல் மாமா அந்த அரிசியைத் தாம் எடுத்துச் சென்று பொங்குவதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் தண்ணீர் வருவதும் அவர் வயலுக்குள்ளால்தான்.

சிறுபோகக் கூட்டத்துக்கு இம்முறை ஐயாவின் இடத்தில் நான் வருவேன். முளைகட்டாத நெல்லில் மூன்று மூடையை விதைக்கென்று தனியே காயவைத்திருக்கிறோம். மழையில் விதைநெல் இழந்தவர்கள் வந்து கேட்கலாம், விளைந்தபின் தந்தால் போதும். வெட்டு நாட்களில் கொண்டுவந்த பொருட்களில் நீலப் படங்கு இரண்டு, கைப்பிடி கட்டிய அரிவாள் ஒன்று, வாயகன்ற அலுமினியப் பானை ஒன்று, பிளாஸ்டிக் கதிரைகள் ஆறு, பிடியில் சிவப்புத் துணி சுற்றிய மண்வெட்டி ஒன்று ஆகியவை எங்கள் மாலில் இருக்கின்றன. உரியவர்கள் மாலை வேளையில் வந்து எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். வரும்போது தேத்தண்ணி குடிக்காமல் போகவேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னார்.

இங்ஙனம்,
மனைவி, மகள்மார், மருமக்கள், பேரப்பிள்ளைகள் சார்பில்,
மூத்த மகள்,
வட்டக்கச்சி.